பிற நபர்கள்: ஒன்பது ஜிபி

ஜூன் 2

அன்புள்ள கடுகு,

நலமா என்று கேட்டால், "மூணு மாசம் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சா அண்ணி" என்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன்தான் சொன்னார்: "போன் பண்ணாதே, எடுக்க மாட்டா. லெட்டர் போடு, பதில் வரும்." தபால்தலை எங்கே கிடைக்கும் என்று நாலு பேரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது.

நீ மேசைமேல் விட்டுவிட்டுப் போன லேப்டாப் இப்போது என்னிடம் இருக்கிறது. கோபத்தில் மறந்தாயா, வேண்டுமென்றே விட்டாயா, தெரியாது. பள்ளிப் பாடப்புத்தகங்களின் அச்சுப்படியைத் திருத்துகிற வேலை ஒன்று வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். உருண்டை பிறந்து நான் வேலையை விட்டதிலிருந்து, படித்த படிப்பெல்லாம் மருந்துச் சீட்டு வாசிக்கத்தான் உதவுகிறது. இந்த வேலையை விட எனக்கு மனமில்லை. அதற்கு ஒரு தேர்வு உண்டு. ஜூன் 28, காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை.

தேர்வு மென்பொருள் உன் லேப்டாப்பில் ஏற மறுக்கிறது. முதலில் சிஸ்டத்தை அப்டேட் செய் என்கிறது. செய்யப் போனால் பத்து ஜிபி இடம் கொடு என்கிறது. இருப்பதோ அறுநூறு எம்பி. கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வயிறு சின்னது மேடம், பசி பெருசு. மொத்தமே முப்பத்திரண்டு ஜிபி. டிஸ்க் போர்டோட ஒட்டியிருக்கு, மாத்த முடியாது. பழசை அழிச்சாத்தான் புதுசுக்கு இடம்" என்றார்.

எந்தப் பழசை? எதைத் தொட்டால் எது செத்துப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. உன் பொருள் வேறு. நீ சொன்னால் செய்கிறேன்.

அன்று நான் கத்தியதைப் பற்றி இதில் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் மறுபடி கோபம் வரும். உருண்டையின் நெற்றி வீக்கம் வடிந்து அடையாளமே இல்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி

*

ஜூன் 5

அண்ணிக்கு,

லேப்டாப்பை மறக்கவில்லை. எடுத்து வரப் பிடிக்கவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்கிற வரிசையில் செய்யுங்கள். முதலில் குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள். அழித்ததெல்லாம் போய்விடாது, அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பிறகு டவுன்லோட்ஸ். அண்ணன் இறக்கி வைத்த சினிமா நாலு கிடக்கும், பாதிகூடப் பார்த்திருக்க மாட்டான். மூன்றாவது, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் என்ற பக்கம். அங்கே 'தற்காலிகக் கோப்புகள்' என்று இருக்கும். போன அப்டேட்டின் மிச்சம்மீதியும் அதில்தான். தாராளமாக அழிக்கலாம். நாலாவதாக ஒரு வரியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதைக் கறுப்புத் திரையில் அப்படியே அடித்து என்டர் தட்டுங்கள். லேப்டாப் உறங்கும்போது தன் நினைவை எழுதி வைக்கிற ஒரு பெரிய கோப்பு போய்விடும். ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. பிழை திருத்தப் போகிறவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

சிஸ்டம் கோப்புறைக்குள் மட்டும் தலையை விடாதீர்கள். அண்ணனுடைய டிகிரி சர்டிபிகேட்டைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்ட கை உங்களுடையது.

போனில் கூப்பிட வேண்டாம். நான் வேலை பார்க்கிற பம்ப் ஹவுஸில் ஆறு மோட்டார் ஓடுகிறது, ஒன்றும் காதில் விழாது. மெசேஜும் வேண்டாம். நான் பாதி அடிப்பதற்குள் "இரு, கூப்பிடறேன்" என்பீர்கள். கடிதம் கூப்பிடாது.

கடுகு

*

ஜூன் 8

அன்புள்ள கடுகு,

நீ சொன்னபடியே செய்தேன். ஒவ்வொன்றையும் அழிக்கும்முன் பேரையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன், பிறகு வருத்தப்பட வேண்டி வந்தால் எதற்கு என்று தெரிய வேண்டுமே. சினிமா நாலு இல்லை, ஏழு. உன் அண்ணன் வேலைத்தளத்திலிருந்து பேசும்போது சொன்னேன். "அதுல ஒண்ணு கிளைமாக்ஸ் பாக்கலையே" என்றார். என்ன ஆகியிருக்கும் என்று நானே ஒரு முடிவு சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது நாலு ஜிபி காலி. இன்னும் ஆறு வேண்டும்.

பயமாகத்தான் தொடங்கினேன், ஆனால் போகப்போக எனக்கு இது பிடித்துவிட்டது கடுகு. உருண்டை தூங்கியதும் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியவில்லை. ஸ்டோரேஜ் பக்கத்தில் எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று வண்ணப் பட்டைகளாகப் போட்டிருக்கிறது. சிஸ்டம் பதிமூன்று, ஆப்கள் ஒன்று, படங்கள் அரை. கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. கடைசிவரை கீழே இறங்கினேன். அங்கே ஒரு பட்டை: 'பிற நபர்கள் – 9.1 ஜிபி.'

இந்த வீட்டில் பிற நபர் யார்? நான், உருண்டை, வாரக் கடைசியில் உன் அண்ணன். அதைத் தட்டினால் உன் பழைய கணக்கின் பெயர் வருகிறது. லேப்டாப்பில் மூன்றில் ஒரு பங்கை நீ இன்னமும் வாடகைக்கு வைத்திருக்கிறாய். உள்ளே என்ன வைத்திருக்கிறாய்? தேவையானதென்றால் பென் டிரைவில் எடுத்து அனுப்புகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மோட்டார் பம்ப் ஹவுஸில்தானே ஓடும்? குவார்ட்டர்ஸுக்குப் போனபிறகும் நீ ஏன் போன் எடுப்பதில்லை? என்மேல் கோபம் என்றால் சரி. உன் அண்ணன் என்ன செய்தார்?

அண்ணி

*

ஜூன் 11

அண்ணிக்கு,

அது குப்பை. எனக்கு வேண்டாம், அனுப்பவும் வேண்டாம்.

செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், பிற பயனர்கள். என் பேரைத் தட்டி 'நீக்கு' என்று கொடுங்கள். 'எல்லாத் தரவும் அழிந்துவிடும், சம்மதமா' என்று கேட்கும். சம்மதம் என்று சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. திறந்து பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

அதன் பிறகு பதின்மூன்று ஜிபி ஆகிவிடும், அப்டேட் ஓடும். சார்ஜர் குத்தியே இருக்கட்டும். நடுவில் திரை கறுத்துவிட்டு வரும், பயந்து பட்டனை அமுக்காதீர்கள்.

அண்ணனுக்கு எழுதுகிறேன்.

கடுகு

*

ஜூன் 14

கடுகு,

திறந்து பார்க்காதே என்று நீ எழுதியிருக்காவிட்டால் நான் திறந்தே இருக்க மாட்டேன். இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

'இந்தக் கோப்புறையைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது. அதற்குக் கீழேயே 'தொடர்க' என்று ஒரு பட்டன். அனுமதி இல்லை என்பவர்கள் பட்டனை ஏன் வைக்கிறார்கள்? தொடர்ந்தேன்.

ஒலிப்பதிவுகள். தேதி போட்டு வரிசையாகப் பதினான்கு கோப்புகள். நீ லீவில் வந்து எங்களோடு இருந்த பிப்ரவரி, மார்ச் நாட்கள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. முதலாவதைப் போட்டதும் எங்கள் படுக்கையறை மின்விசிறி கேட்டது. அதன் கிறீச்சை எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன். பிறகு என் குரல். உருண்டையிடம் உன் அம்மாவைப் பற்றி ஏதோ புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அறையில் நான் பேசுவதை ஒட்டுக் கேட்டாயா? கட்டில் காலில் சுற்றியிருந்த அந்த நீள ஒயரைச் சார்ஜர் என்று நினைத்து நானே மடித்து வைத்திருக்கிறேன். யார் சொல்லிச் செய்தாய்? அத்தையா?

இவ்வளவையும் அப்படியே எழுதித் தபாலில் போட்டிருப்பேன். ஆனால் அதே கோப்புறையில் ஒரு எழுத்துக் கோப்பும் இருந்தது. 'கவனிப்பு' என்று பேர். அதில் இப்படி:

3.12 – உருண்டை அழுகை – இல்லை
3.40 – அழைப்பு மணி – இல்லை
4.05 – சமையலறையில் பாத்திரம் விழுந்தது – உண்டு
4.20 – அண்ணி கூப்பிட்டது – இல்லை

இப்படியே பதின்மூன்று நாளைக்கு. வரவர 'உண்டு' குறைந்துகொண்டே வருகிறது. பதிவைப் போட்டுப் பார்த்தேன். 3.12-க்கு உருண்டை வீறிட்டு அழுகிறாள். மணியும் அடிக்கிறது. நீ 'இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறாய்.

கடைசிப் பதிவு மார்ச் 9. அவள் கட்டிலிலிருந்து விழுந்த நாள். அது மட்டும் இரண்டு மணி நேரம் இல்லை. மூன்று மணிக்குத் தொடங்கி முப்பத்தேழாவது நிமிடத்தில் பாதி மூச்சில் நின்றுவிடுகிறது.

இன்னும் பதினான்கு நாள்தான் இருக்கிறது. ஆனாலும் நீ பதில் போடும்வரை ஒன்றையும் அழிக்கப் போவதில்லை. ஒரே கேள்வி. அழுகை யாருக்கு இல்லை?

அண்ணி

*

ஜூன் 17

அண்ணிக்கு,

எனக்கு.

எழுதியாயிற்று. இனி மீதியையும் எழுதிவிடலாம்.

போன வருடமே தொடங்கிவிட்டது. தாழ்ந்த சத்தமெல்லாம் ஓரளவு கேட்கிறது. மேலே ஏறுகிற சத்தம்தான் இல்லை. மணி, விசில், குக்கர். முகத்தைப் பார்த்தால் பேச்சு புரியும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. போனில் முகம் இல்லை. பாதி கேட்டு மீதியை ஊகித்து எதையாவது சொல்லுவேன். நான் திமிராகப் பேசுகிறேன் என்று நீங்கள் அண்ணனிடம் சொன்னீர்களே, அது அந்த ஊகம்தான்.

உங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் குழந்தை அழுவது எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. எவ்வளவு போயிருக்கிறது என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் பதிவு. பிறகு அதை அலையலையாகப் படமாக்கித் திரையில் பார்ப்பேன். எங்கே உயர்ந்திருக்கிறதோ அங்கே ஹெட்போனில் முழுச் சத்தம் வைத்து அது என்ன என்று கண்டுபிடித்து, அந்நேரம் எனக்குக் கேட்டதா இல்லையா என்று குறித்துக்கொள்வேன். நீங்கள் பேசியதை நான் எழுதி வைக்கவில்லை. அம்மாவைப் பற்றிச் சொன்னது ஒன்றிரண்டு காதில் விழுந்தது, அதில் தப்பும் இல்லை.

இன்னொன்றுக்கும் அது உதவியது. உருண்டை தூங்கும்போது அறையில் யாரும் இருக்கக் கூடாது, கதவு பாதி சாத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் சட்டம் போட்டிருந்தீர்கள். மீறினால் உங்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும். அதனால் மைக்கைக் கட்டிலில் கட்டிவிட்டு, லேப்டாப்பை ஹாலில் என் முன்னால் வைத்துக்கொண்டேன். பதிவாகும்போது திரையில் ஒரு கோடு துடிக்கும். அவள் சிணுங்கினால் எழும்பும். எழும்பினால் ஓடுவேன். பதின்மூன்று நாள் ஒரு தடவைகூடத் தவறவில்லை. "உனக்கு எப்படித்தான் கேக்குதோ" என்று நீங்களே ஒரு நாள் சொன்னீர்கள்.

மார்ச் 9 அன்று நீங்கள் மருந்துக் கடைக்குப் போனீர்கள். நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறிச் சத்தத்துக்கே அது லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். அன்று நடுங்கக்கூட இல்லை, நேராகக் கிடந்தது. அசந்து தூங்குகிறாள் என்று நினைத்தேன். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது அண்ணி.

டிஸ்க் நிறைந்து பதிவு நின்றுபோயிருக்கிறது. மூலையில் சின்னதாக ஒரு பெட்டி, 'இடம் போதவில்லை' என்று. நீங்கள் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு, "குழந்தை மாடிப்படி வரைக்கும் கேக்குற மாதிரி கத்துது, நீ லேப்டாப்பை வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே, காது என்ன அடைச்சா போச்சு" என்றபோது நான் அந்தப் பெட்டியைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். காது கேட்காதவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள் என்பது, வேடிக்கை பார்த்தாள் என்பதைவிடப் பெரிய குற்றமாக எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது. வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

போதும். அழித்துவிட்டு அப்டேட்டைப் போடுங்கள். நாள் இல்லை.

கடுகு

*

ஜூன் 20

அன்புள்ள கடுகு,

உன் கடிதம் வந்தபோது உருண்டை தூங்கிக்கொண்டிருந்தாள். ஹாலில் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாதி சாத்திய கதவு வழியாகக் கட்டிலின் கால்மாடுதான் தெரிகிறது. தலையணையை ஒரு பக்கம் மட்டும் அண்டைகொடுத்துவிட்டு, அவள் இன்னும் புரளப் பழகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவள் நான். அந்தச் சட்டமும் நான் போட்டது. இதையெல்லாம் இந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

முப்பத்தேழு நிமிடத்தையும் முழுக்கக் கேட்டேன். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காலடி வருகிறது, துணி சரசரக்கிறது, நீ "தூங்குடி குண்டு" என்கிறாய், காலடி போகிறது. மூன்று தடவை. நீ வந்து பார்த்ததை ஏன் எழுதவில்லை? எழுதினால் உன் குற்றம் குறைந்துவிடும் என்றா?

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். நீ லேப்டாப்பை வேடிக்கை பார்த்த கதையை நான் நாலு பேரிடம் சொல்லியிருந்தேன். உன் அண்ணன், அத்தை, என் தங்கை, கீழ்வீட்டு அக்கா. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு என்றேன். அத்தை விடவில்லை.

"அப்ப என்னதான்டி நடந்துச்சு?"

"அதை உங்க பொண்ணுதான் சொல்லணும் அத்தை."

"நேத்துவரைக்கும் அவ பேரெடுத்தாலே முகத்தைத் திருப்புவே. இப்ப ரெண்டு பேரும் ஒரு கட்சியா?"

ஆமாம் என்று போனை வைத்துவிட்டேன். காரணம் எதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அது உன்னுடையது.

பிறகு உன் கணக்கை நீக்கினேன். 'சம்மதமா' என்று கேட்டது. கவனிப்புக் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன், அந்தப் பட்டியல் டாக்டருக்கு உதவும். நீ டாக்டரிடம் போகிறாய், இதில் பேச்சில்லை. காலியிடம் பதின்மூன்று ஜிபி. மதியம் ஒரு மணிக்கு அப்டேட் தொடங்கி ஆறரைக்கு முடிந்தது. நாலு தடவை திரை கறுத்தது, நான் பட்டனைத் தொடவில்லை. தேர்வு மென்பொருள் ஏறிவிட்டது.

ஏறிய பிறகுதான் அதன் விதிகளைப் படித்தேன். அறையில் தனியாக இருக்க வேண்டும், கேமரா ஓடும், வேறு ஆள் யார் தெரிந்தாலும் தேர்வு ரத்து. நடுவில் எழுந்தாலும் ரத்து. உன் அண்ணன் மாதக் கடைசிவரை வேலைத்தளத்தைவிட்டு வர முடியாது. அத்தைக்கு மாடி ஏற முடியாது. கீழ்வீட்டு அக்கா நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்லவர்தான். ஆனால் உருண்டையை அவரிடம் விட்டுவிட்டு என்னால் ஒரு வரி எழுத முடியாது.

யாரிடம் விட்டால் எழுத முடியும் என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். மூச்சு அசைவதைக்கூட ஒரு கோட்டில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் ஒருத்திதான் எனக்குத் தெரியும்.

கேட்க வெட்கமாக இருக்கிறது. வருகிறாயா? முடியாது என்றால் புரிந்துகொள்வேன், தேர்வை விட்டுவிடுவேன்.

அண்ணி

*

ஜூன் 23

அண்ணிக்கு,

தேர்வை விடுவதாவது. எட்டுக் கடிதத்துக்கு ஒட்டிய தபால்தலைக்காவது எழுதுங்கள்.

லீவு கேட்கப் போனபோது இன்ஜினீயரிடம் காரணத்தைச் சொன்னேன். காது கேட்கவில்லை என்று வாயைத் திறந்து ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆறு மாசமா நீ என் உதட்டையே பாத்துப் பேசுறேம்மா. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். இனி தனி ஷிப்ட் கிடையாது, இன்னொருவரோடு பகல் ஷிப்ட். காது பரிசோதனைக்கு முப்பதாம் தேதி சீட்டு போட்டுக் கொடுத்திருக்கிறார். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிதான். நீங்களும் வர வேண்டும். டாக்டர் முகமூடிக்குள் பேசினால் எனக்கு ஒன்றும் புரியாது.

அண்ணனுக்கும் அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். அம்மா அழுதுகொண்டு உங்களைக் கூப்பிடுவாள். நீங்கள் சமாளிப்பீர்கள்.

இருபத்தேழாம் தேதி சாயங்காலமே வருகிறேன். மறுநாள் பத்து மணிக்கு அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொள்ளுங்கள். பாதி சாத்துகிற சட்டமெல்லாம் அன்றைக்குச் செல்லாது. நான் அவளைக் கீழே விடப் போவதில்லை. இரண்டு மணி நேரமும் என் மேலேயே இருப்பாள். அழுதால் காது வழியாக எனக்குத் தெரிய வேண்டியதில்லை, நெஞ்சில் அதிரும். தூங்கினாலும் தெரியும், கனம் கூடிவிடும்.

கஷ்டம் உங்களுக்குத்தான். அவள் கட்டாயம் ஒரு தடவையாவது அழுவாள். கதவுக்கு அந்தப்பக்கம் உங்களுக்கு நன்றாகக் கேட்கும். எழுந்து வரக் கூடாது. உங்களுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பிழையைத் திருத்துங்கள்.

பன்னிரண்டு மணிவரை அந்தக் கதவு திறக்காமல் இருந்தால் எனக்குப் போதும்.

கடுகு